பிக்கப் வண்டியா, குடும்ப எஸ்.யு.வி.யா? வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் சூரத்துக்கும் வந்து குடியேறிய நம்முடைய குடும்பங்களில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்தபின் ஒரு கேள்வி எழும்புகிறது. தள்ளுவண்டியிலோ சைக்கிளிலோ தொடங்கிய தொழில் ஒரு சிறு கடையாக வளர்ந்திருக்கும். அன்றாடம் சரக்கு எடுக்க வாடகை வண்டியை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை வந்திருக்கும். அதே வேளையில் பிள்ளைகளும் வளர்ந்திருப்பார்கள். ஊரிலிருந்து வயதான பெற்றோரும் வந்து சேர்ந்திருப்பார்கள். ஒரே பைக்கில் நான்கு பேர் ஆராதனைக்குப் போய்வந்த காலம் முடிந்துவிட்டது. ஆனால் கையில் சேர்ந்திருப்பதோ ஒரே ஒரு வண்டிக்கான முன்பணம் மட்டுமே. கணவர் பிக்கப் வண்டி வேண்டும் என்கிறார். மனைவியோ குடும்பமாக உட்கார்ந்து போக ஏழு இருக்கை கொண்ட எஸ்.யு.வி. வேண்டும் என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

இந்த இக்கட்டில் அநேகர் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "பிக்கப்பையே வாங்கிவிடுவோம், ஆறு நாள் சரக்கு ஏற்றுவோம், ஞாயிற்றுக்கிழமை பின்னால் ஒரு ஜமக்காளத்தை விரித்தால் குடும்பமே உட்கார்ந்துகொள்ளலாம்" என்பது ஒரு வழி. "எஸ்.யு.வி.யை வாங்கிவிடுவோம், பின் இருக்கையை மடித்தால் பத்து மூட்டை ஏற்றலாம்" என்பது மற்றொரு வழி. கேட்பதற்கு இரண்டும் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் இவ்விரண்டு வழிகளிலும் ஒரே ஒரு விபத்து, இருபது ஆண்டு உழைப்பைக் கரைத்துவிடக் கூடும். ஏன் அப்படி என்பதை அறிந்துகொண்டால், எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மஞ்சள் பலகையும் வெள்ளைப் பலகையும்

நம்முடைய நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வண்டிகளை அவற்றின் வடிவத்தைப் பார்த்து மட்டும் பிரிக்கவில்லை. அவை எதைச் சுமப்பதற்காகப் பதிவு செய்யப்பட்டன என்பதைப் பார்த்தே பிரிக்கிறது. சொந்த உபயோகத்திற்கான காரும் எஸ்.யு.வி.யும் வெள்ளை எண்பலகையில் கறுப்பு எழுத்துக் கொண்டவை. சரக்கு ஏற்றும் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், மாருதி சூப்பர் கேரி போன்றவை போக்குவரத்து வாகனங்கள். அவற்றின் எண்பலகை மஞ்சள் நிறமுடையது.

இந்த நிற வேறுபாட்டிற்குப் பின்னால் பல காரியங்கள் அடங்கியிருக்கின்றன. வெள்ளைப் பலகை வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். மஞ்சள் பலகை வண்டிக்கோ தகுதிச் சான்று, அதாவது நாம் பேச்சில் "எஃப்.சி." என்று சொல்வது, புதிதாக வாங்கிய இரண்டாம் ஆண்டின் முடிவிலேயே தேவைப்படுகிறது. எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப்பின் ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் தேவை. ஆகையால் வண்டியின் பெயரைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதன் மொத்த எடை எவ்வளவு என்று விற்பனையாளரிடம் கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தைக் குறித்து நம்மவர்களிடையே நெடுநாள் குழப்பம் இருந்தது. கார் ஓட்டும் உரிமத்தைக் கொண்டு மஞ்சள் பலகை வண்டியை ஓட்டலாமா என்ற கேள்விக்கு, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு 2024-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி விடையளித்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை, இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலேயே ஓட்டலாம் என்பதே அந்தத் தீர்ப்பு. நாம் வாங்க நினைக்கும் சிறு பிக்கப்புகள் யாவும் இந்த எல்லைக்குள் அடங்குகின்றன.

சரக்கு ஏற்றும் இடத்தில் பிள்ளைகளை உட்காரவைக்கலாமா?

இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கும், கன்வென்ஷன் கூட்டங்களுக்கும், நகரத்துக்கு வெளியே ஏரியிலோ ஆற்றிலோ நடக்கும் ஞானஸ்நான ஆராதனைக்கும், திருமணத்திற்கும் அடக்க ஆராதனைக்கும் விசுவாசிகளைப் பிக்கப்பின் பின்புறத்தில் ஏற்றிச் செல்வது நம்முடைய சபைகளில் புதிதல்ல. அன்பினாலேயே ஒருவர் தம்முடைய வண்டியைக் கொடுக்கிறார். அன்பினாலேயே மற்றவர்கள் ஏறுகிறார்கள். எனினும் அந்த இடத்தில் இருக்கை கிடையாது, பெல்ட் கிடையாது, தலைக்கு மேல் பாதுகாப்பும் கிடையாது. பின் அச்சின் பட்டை வில்கள் டன் கணக்கான பாரத்தைத் தாங்குவதற்காகக் கடினமாக அமைக்கப்பட்டவை; பாரம் குறைவாக இருக்கும்போது வண்டி துள்ளும். ஆட்கள் நின்றுகொண்டு போனால் வண்டியின் எடை மேல்நோக்கி உயர்ந்து, வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது. ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை மிதித்தால், பின்னால் இருப்பவர்களைப் பிடித்து நிறுத்துவதற்கு அங்கே எதுவுமில்லை.

சட்டத்தின் நிலை இதைக் காட்டிலும் கண்டிப்பானது. சரக்கு வாகனத்தின் கட்டாயக் காப்பீடு, 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் பொருந்தும். கூலியில்லாமல் சும்மா ஏறிச் செல்லும் பயணிகளுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஷா ராணி வழக்கிலும், 2004-ஆம் ஆண்டு பல்ஜித் கவுர் வழக்கிலும் தெளிவாகக் கூறியிருக்கிறது. இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். உங்கள் பிக்கப்பின் பின்புறத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால், அந்தப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் இழப்பீடு கொடுக்கும் பாரம் வண்டிச் சொந்தக்காரராகிய உங்கள் தலைமேல் விழக் கூடும். சில வழக்குகளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைச் செலுத்தட்டும், பின்பு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. பாதிக்கப்பட்டவருக்கு அது ஆறுதல். உரிமையாளருக்கோ வீடும் கடையும் போகும் வழி.

ஆகவே போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்திற்கு ஆட்களைக் கொண்டுவர வேண்டுமானால் பேருந்தையோ வேனையோ வாடகைக்கு அமர்த்துங்கள். பிக்கப் வைத்திருக்கும் சகோதரரிடம் நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் சமையல் பாத்திரங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மனிதரைக் கொண்டுவரச் சொல்லாதிருங்கள். சபை கேட்கும்போது மறுத்துச் சொல்ல அவருக்குத் தயக்கமாக இருக்கும். ஆகையால் கேட்கிறவர்களே அறிந்து நடந்துகொள்வது நல்லது.

எஸ்.யு.வி.யில் மூட்டை ஏற்றினால்

சரி, எஸ்.யு.வி.யை வாங்கிச் சரக்கையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்றால், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. தனியார் கார்களுக்கான வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, "உபயோக வரம்புகள்" என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு விடுவதும், மாதிரிப் பொருட்களும் சொந்தப் பெட்டி படுக்கைகளும் தவிர்ந்த சரக்கைச் சுமப்பதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கி வருவதை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் நாள்தோறும் கடைக்கு எட்டு மூட்டை அரிசியும் பத்து டின் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் வண்டி விபத்துக்குள்ளானால், நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுக்க இடமுண்டு.

உடலுக்கு நேரும் ஆபத்தும் சிறியதல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒன்றில் மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில், பின்னால் கட்டாமல் வைத்த 15 கிலோ எண்ணெய் டின் முன்னால் பாயும் விசை ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமம். அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சரக்கு வண்டியில் பாரத்திற்கும் ஆட்களுக்கும் நடுவே இரும்புச் சுவர் இருப்பதன் காரணம் இதுவே.

மறுபக்கத்தில், குடும்பத்தைச் சுமப்பதற்கு எஸ்.யு.வி.யில் இருக்கும் பாதுகாப்பு பிக்கப்பில் கிடைப்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2019 முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் கட்டாயமாயின. பின்னர் முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பையும் கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனைத் திட்டம், பயணிகள் கார்களுக்கு நட்சத்திர மதிப்பு வழங்குகிறது. சரக்குப் பிக்கப்புகள் அந்தத் திட்டத்தில் இல்லை. எஸ்.யு.வி. வாங்குவோர் திரை, கேமரா, மேற்கூரைக் கண்ணாடி ஆகியவற்றைக் கேட்பதற்கு முன்பாக அந்த நட்சத்திரங்களைக் கேளுங்கள். மூன்றாம் வரிசை இருக்கை முன்னோக்கியிருக்கிறதா, பக்கவாட்டிலிருக்கிறதா, ஒவ்வொரு இடத்திற்கும் பெல்ட் உண்டா என்று உட்கார்ந்து பாருங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்திற்குப் பயந்து மட்டுமல்ல, பிள்ளையின் நிமித்தமாகவே அதைச் செய்யுங்கள்.

இரண்டும் சேர்ந்த வண்டி உண்டா?

உண்டு. இரட்டைக் கேபின் பிக்கப் என்பது அதுதான்: முன்னால் ஐந்து பேருக்கு இருக்கைகள், பின்னால் சரக்குக்கு இடம். மஹிந்திராவின் பொலேரோ கேம்பர் இவ்வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1 டன் சுமக்கும். மஞ்சள் பலகையோடு ஓடும். வெள்ளைப் பலகையில் பதிவாகும் இசுசு வி-கிராஸ் 2016-இலும், டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இலும் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தன. இவ்விரண்டும் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டியவை. ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளமுள்ளவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வழக்கமாக ஒரு காருக்குக் குறிக்கப்படும் இடம் 5 மீட்டர் நீளமே. ஆகையால் வால் வெளியே நீண்டு நிற்கும். பக்கத்து வீட்டாரோடு சமாதானம் கெடும்.

மாவு வியாபாரம், கட்டட வேலை, மின்சார வேலை, சமையல் ஒப்பந்தம் ஆகியவற்றைச் செய்து, வேலையாட்களையும் சாமான்களையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டியவருக்குக் கேம்பர் வகை பிரயோஜனமாக இருக்கலாம். அதை வாங்குவோர் பதிவுச் சான்றிதழில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறது எனப் பார்க்க வேண்டும். கேபினுக்குள் உட்காரும் அத்தனை பேருக்கும் காப்பீடு உண்டா என்று கேட்டு, வேண்டுமானால் கூடுதல் தொகை செலுத்தி, அதைப் பத்திரத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும். முகவர் வாயால் சொல்வது போதாது.

செலவைக் கணக்கிடுங்கள்

செலவைக் கணக்கிட்ட பின்பே கட்டத் தொடங்க வேண்டும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்ட பாடம். வண்டி விஷயத்திலும் விலைப் பட்டியலில் தெரிவது செலவின் ஒரு பகுதிதான்.

முதலாவது, ஜி.எஸ்.டி. வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், 1,500 சி.சி.க்கு உட்பட்ட டீசல் எஞ்சினும் அல்லது 1,200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கும் 18 சதவீதமே. பெரிய எஸ்.யு.வி.களுக்கு 40 சதவீதம். மேலும், ஜி.எஸ்.டி.யில் வழக்கமான முறையில் பதிவு செய்திருக்கும் வியாபாரி, தம்முடைய தொழிலுக்காக வாங்கும் சரக்கு வண்டியின் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். குடும்பக் காருக்கு அந்தச் சலுகை இல்லை. வரியோடு 8 இலட்சம் ரூபாய் விலையுள்ள பிக்கப்பில் ஏறக்குறைய 1,22,000 ரூபாய் வரியாகும். பதிவு செய்யாத வியாபாரிக்கும், காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் இந்தக் கழிவு கிடைக்காது.

இரண்டாவது, மாநிலச் சாலை வரி. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கர்நாடகத்தில் 10 முதல் 20 இலட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 17 சதவீதமும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. இதற்குப் பயந்து, வரி குறைந்த வேறிடத்து முகவரியைக் காட்டிப் பதிவு செய்யும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் ஓடும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். பொய்யான முகவரியில் தொடங்கும் வண்டி, வழிநெடுகப் பயத்தையே கொண்டுவரும்.

மூன்றாவது, காப்பீடு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 3,416 ரூபாய், 1,500 சி.சி.க்கு மேற்பட்டால் 7,897 ரூபாய். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் 7,500 கிலோவுக்குட்பட்ட வண்டிக்கோ 16,049 ரூபாய். சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் வண்டிக்கு இதைவிடக் குறைவு. பிறருடைய சரக்கை வாடகைக்கு ஏற்றுவதாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லியே பத்திரம் வாங்குங்கள்.

நான்காவது, சுங்கம். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008-இல் வகுக்கப்பட்டபோது, காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசும், இலகுரகச் சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 காசும் அடிப்படையாக வைக்கப்பட்டன. இன்றைய தொகை உயர்ந்திருந்தாலும் விகிதம் அப்படியே. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு ஃபாஸ்டாக் பாஸ், வணிக உபயோகமில்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே உரியது. பெங்களூருவிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து திருநெல்வேலிப் பக்கம் போகும் குடும்பம் இந்த வேறுபாட்டை நன்றாக உணரும். சரக்கு வண்டியின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், அந்த வழி இன்னும் நீளமாகவும் தோன்றும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். இதிலுள்ள தொகைகளுக்குப் பதிலாக உங்கள் நகரத்துத் தொகைகளை இட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் 8 இலட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்குக் கடனாக வாங்குகிறார். மாதத் தவணை ஏறக்குறைய 17,000 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் 2,20,000 ரூபாயளவில் செலுத்தியிருப்பார். காப்பீடு, எஃப்.சி., டயர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மாதம் 4,500 ரூபாயும், நிறுத்துமிடத்திற்கு 1,500 ரூபாயும் ஒதுக்கினால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 23,000 ரூபாய் செலவு. ஓடும் நாளுக்கு டீசல் 260 ரூபாய். அதே வேலைக்குக் குட்டி யானையை வாடகைக்கு எடுத்தால் நாளைக்கு 1,200 ரூபாய் என்று வையுங்கள்.

மாதத்தில் 26 நாள் வண்டி தேவைப்பட்டால், வாடகை 31,200 ரூபாய். சொந்த வண்டிக்கு 29,760 ரூபாய். சற்றே லாபம்; கடன் முடிந்தபின் நல்ல லாபம். ஆனால் மாதத்தில் 12 நாள்தான் தேவை என்றால், வாடகை 14,400 ரூபாய்; சொந்த வண்டிக்கோ 26,120 ரூபாய். மாதந்தோறும் 11,000 ரூபாய்க்கு மேல் கையைவிட்டுப் போகிறது. இந்தக் கணக்கில் ஏறக்குறைய 25 நாள் என்பதே எல்லைக்கோடு. சொந்தக்காரரே ஓட்டுகிறார் என்று வைத்துச் செய்த கணக்கு இது. ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமானால் எல்லைக்கோடு இன்னும் தள்ளிப் போகும்.

குடும்ப வண்டிக்கும் இதே கணக்கைப் போடலாம். மாதத்தில் நான்கு ஞாயிறு, ஒரு மருத்துவமனைப் பிரயாணம், ஆண்டுக்கு ஒருமுறை ஊர் என்றால், வாடகைக் காரும் இரயிலும் எஸ்.யு.வி.யின் தவணையில் பாதியைக் கூடத் தொடாது. பள்ளிக்குத் தூரமாகப் போகும் பிள்ளைகள், நடக்க இயலாத பெற்றோர், வாரந்தோறும் சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவர் வீட்டில் இருந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே வண்டி ஆடம்பரமாகாமல் தேவையாகிவிடுகிறது.

நகரத்தின் நேரமும் நிறுத்துமிடமும்

நம்முடைய பெருநகரங்களில் காலையிலும் மாலையிலும் நெரிசல் வேளையில் சரக்கு வண்டிகள் பல சாலைகளில் நுழையக் கூடாது. நேரமும் சாலையும் நகரத்துக்கு நகரம் மாறுவதால், போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பைப் பார்த்து, உங்கள் கடைக்கும் சந்தைக்கும் இடையிலுள்ள வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாஷி சந்தையிலோ யஷ்வந்தபுரம் மண்டியிலோ ஆசாத்பூரிலோ விடியுமுன் சரக்கு எடுப்பவருக்கு இது தடையாகாது. பகல் பத்து மணிக்குக் கடைகளுக்குச் சரக்குப் போடுபவருக்குத் தடையாகும். டெல்லியில் 2021 முதல் சிறு மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு இத்தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அங்கே தொழில் செய்வோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இரவில் வண்டி எங்கே நிற்கும் என்ற கேள்விக்கும் விடை வேண்டும். குறுகிய சந்துகளில் குடியிருப்போர் அநேகர். டாடா ஏஸ் ஏறக்குறைய 3.8 மீட்டர், பொலேரோ எஸ்.யு.வி. 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பெரிய எஸ்.யு.வி.களும் பிக்கப்புகளும் நாலரை மீட்டரைத் தாண்டும். முன்பணம் கட்டுமுன் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சந்தின் திருப்பத்தை அளந்து பாருங்கள்.

மூன்று மாதக் குறிப்பேடு

முடிவெடுக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதங்களுக்கு ஒவ்வொரு பிரயாணத்தையும் எழுதுங்கள்: தேதி, எங்கே, எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு செலவு. கணவனும் மனைவியும் இருவருமே எழுத வேண்டும். மூன்று மாத முடிவில் நோட்டு தானாகவே பேசும்.

மாதம் 25 நாளுக்குக் குறையாமல் அரை டன்னுக்கு மேல் சரக்கு என்று நோட்டு சொன்னால், பிக்கப்பை வாங்குங்கள். 750 கிலோவளவு போதுமானால் டாடா ஏஸ் வகை; 1.3 டன்னும் அதற்கு மேலும் வேண்டுமானால் பொலேரோ பிக்கப் வகை. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். சிறிய வண்டியில் பெரிய பாரம் என்ற சிக்கனம் அங்கே முடிந்துபோகும். தொழிலுக்கான சரக்கு வண்டிக்கு முத்ரா திட்டத்தில் 10 இலட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம். தருண் பிரிவில் வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவருக்கு 2024 முதல் 20 இலட்சம் வரை வாய்ப்புண்டு. அப்படி வாங்கும்போது, வாடகையில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைக் குடும்பத்தின் வாடகைக் காருக்கென்று தனியே எடுத்து வையுங்கள். மனைவி மக்களின் தேவை மறக்கப்படவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கும்.

சரக்கு மாதத்தில் சில நாட்களே, குடும்பப் பிரயாணமோ அன்றாடம் என்று நோட்டு சொன்னால், குடும்ப வண்டியை வாங்கிச் சரக்குக்குக் குட்டி யானையை அழையுங்கள். இரண்டுமே குறைவு என்று சொன்னால், எதையும் வாங்காதிருப்பதே ஞானம். வாங்காத வண்டிக்குத் தவணை கிடையாது.

பழைய வண்டியை வாங்குவோர், பதிவுச் சான்றிதழில் பழைய கடன் நிலுவையாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதிருங்கள். பெயர் மாற்றத்திற்கு 29, 30-ஆம் படிவங்கள் தேவை. சரக்கு வண்டியானால் எஃப்.சி. எதுவரை செல்லும், வரி கட்டியிருக்கிறதா, அபராத நிலுவை உண்டா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபாருங்கள்.

அன்பானவர்களே, வண்டி எதுவாயினும், அது எதைச் சுமக்க உண்டாக்கப்பட்டதோ அதை மட்டும் சுமக்கட்டும். சரக்கு வண்டியில் சரக்கு ஏறட்டும். இருக்கையும் பெல்ட்டும் உள்ள இடத்தில் மனிதர் உட்காரட்டும். இந்த ஒரே ஒழுங்கை வீட்டிலும் சபையிலும் கைக்கொண்டால், பிக்கப்பா எஸ்.யு.வி.யா என்ற வாக்குவாதம் பெரிதும் அடங்கும். இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து முதல் வரியை எழுதுங்கள். மூன்று மாதத்திற்குப்பின், ஷோரூமுக்குள் நுழையுமுன்னே, எந்த வண்டி என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.